‘சரிங்க’ என்ற பதில்: பேராக் தோட்டங்களில் மருந்தும் மனிதரும்

மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஐந்து ‘சரி’களை ஒப்பிப்பார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பிறகு சரியான பதிவு, சரியான காரணம் என்று பட்டியல் நீண்டு சில பாடநூல்களில் பத்தைத் தொட்டுவிட்டது. மருந்துப் பாதுகாப்புப் பாடத்தில் உலகெங்கும் சுற்றிவரும் கேள்வி ஒன்று உண்டு. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த நோயாளி, “இது நான் எப்பவும் சாப்பிடுற மாத்திரை இல்லையே” என்கிறார். தாதி என்ன செய்ய வேண்டும்? “டாக்டர் மாத்தியிருப்பாரு, சாப்பிடுங்க” என்பது பொறி. மாத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு மருந்துச் சீட்டை மறுபடி சரிபார்ப்பதே விடை.

அந்தக் கேள்வியில் எனக்குத் தாதியைவிட நோயாளிதான் முக்கியமாகப் படுகிறார். மாத்திரையின் நிறம் அவருக்கு நினைவிருக்கிறது, வெள்ளைச் சீருடைக்கு முன்னால் ‘இல்லையே’ என்று சொல்லும் துணிவும் இருக்கிறது. பேராக் தோட்டங்களில் வளர்ந்த நம் பெரியவர்களைத் தெரிந்தவர்கள், இப்படிப்பட்ட ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கேட்பார்கள். நம் பாட்டிகளுக்குத் தெரிந்த பதில் ‘சரிங்க’. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

ரப்பர் பேராக்கில் காலூன்றியது 1877-இல். ஹியூ லோ கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்ட கன்றுகள் முப்பது வருடங்களுக்குள் கித்தாக் காடாகிவிட்டன. ஆள் வேண்டும் என்று 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தார்கள். வந்தவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1911-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1000 தொழிலாளருக்கு 60 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட கணக்கு. முதல் காரணம் மலேரியா.

பேராக் போன்ற மலையடிவார நிலத்தில் இந்த மலேரியாவுக்குத் தனிக் குணம் உண்டு. சமவெளிச் சதுப்பில் காட்டை அழித்து வாய்க்கால் வெட்டினால் கொசு குறையும். மலைப்பக்கம் நடந்தது நேர்மாறு. அங்கே நோயைப் பரப்பும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் முட்டையிடும். நிழல் தந்த காட்டை வெட்டியதும் ஒவ்வொரு ஓடையும் கொசுப் பண்ணை ஆனது. ரப்பர் நட மலையைத் திறந்தவர்களே நோய்க்கும் கதவைத் திறந்தார்கள். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் இந்த வேறுபாட்டைத் தோட்டம் தோட்டமாக அலைந்து கண்டுபிடித்து, கொசு வகையைப் பார்த்து வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று வாதாடினார். அவருடைய புத்தகம் 1911-இல் வந்தது. ஆனால் நிலத்தடிக் குழாய் பதிப்பதும் ஓடைக்கு எண்ணெய் அடிப்பதும் செலவுபிடிக்கும் வேலைகள். கொயினா மலிவு.

பெரட்டு என்றால் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் தப்பு அடிக்கும், ஆள் கணக்கெடுப்பு, கிராணி பேர் வாசிப்பார், மண்டோர் வேலை பிரிப்பார். அந்த வரிசையிலேயே கொயினாவும் கொடுக்கப்பட்டது. வாயில் ஊற்றி, விழுங்கும்வரை பார்த்து நிற்பது. மருத்துவ நிர்வாகமாகப் பார்த்தால் சாமர்த்தியமான ஏற்பாடு, மறுக்க முடியாது. யாரும் விடுபடமாட்டார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டமாட்டார்கள். இன்று காசநோய் மருந்தைத் தாதியின் கண்முன் விழுங்கவைக்கும் முறைக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் அதிக வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பேச்சில். காசநோயாளிக்கு ஏன், எத்தனை மாதம், சிறுநீர் ஆரஞ்சு நிறமானால் பயப்பட வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இன்றைய தேர்வில் மதிப்பெண் போகும். பெரட்டில் மருந்து கொடுத்தவர் வேலை கொடுத்தவரின் ஆள். விழுங்காதவனுக்குப் பேர் விழாது, பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்ற அச்சம் இருக்கும் இடத்தில் யார் கேள்வி கேட்பார்?

கேட்க நிறைய இருந்தது. கொயினா தொடர்ந்து உள்ளே போனால் காதுக்குள் இரையும், கேட்கும் சக்தி மங்கும், குமட்டும், தலை சுற்றும். மருந்தின் குணம் அது. அளவைக் குறைத்தால் அடங்கும். சொல்லி வைத்தால் அது பக்கவிளைவு, சொல்லாவிட்டால் ‘தொரை காதை அடைக்கிறதுக்குக் குடுக்கிற மருந்து’. கொயினாவை ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களிடம் சிறுநீர் கறுத்துப் போகும் கருநீர்க் காய்ச்சல் கண்டது என்பது அக்கால மருத்துவர்களுக்குத் தெரியும். அரைகுறையாக எடுப்பதில் ஆபத்து உண்டு என்பதுதான் நோயாளி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த செய்தி. வரிசையில் நின்றவருக்கு அது போய்ச் சேர வழியே வைக்கப்படவில்லை.

கொக்கிப்புழு விஷயமும் இப்படித்தான். அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் அனுப்பிய குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி மூன்றிலும் ஆராய்ச்சி செய்தது. டார்லிங், பார்பர், ஹேக்கர் மூவரும் எழுதிய அறிக்கை 1920-இல் வெளிவந்தது. எந்த மருந்து எத்தனை புழுவை வெளியேற்றுகிறது என்று ஒப்பிட, மருந்துக்குப் பின் வெளியேறிய புழுக்களை எண்ணிப் பார்த்தார்கள். கடும் உழைப்பு, பயனுள்ள அறிவு. ஆனால் சோதித்த மருந்துகளில் ஒன்றான செனோப்போடியம் எண்ணெய் நஞ்சுக்கு மிக அருகில் நிற்கும் சரக்கு. அளவு கொஞ்சம் தப்பினால் ஆள் போய்விடுவான். அறிவியலுக்குப் புழுவின் எண்ணிக்கை கிடைத்தது. லயத்து மனிதருக்குப் பேதி மருந்து கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. அதே காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கால் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத் தமிழனுக்கு அது பெரும்பாலும் வரவில்லை. பிராடன் 1907-இல் புத்தகமாகவே எழுதினார். அதே ஆண்டு பிரேசரும் ஸ்டான்டனும் ஆய்வில் இறங்கினார்கள். முடிவு சோற்றில் வந்து நின்றது. அவர்கள் தின்றது தீட்டிய வெள்ளை அரிசி, நம்மவர்கள் தின்றது புழுங்கலரிசி. எந்த டிரஸரும் விளக்கிச் சொல்லாமல், எந்தத் துரையும் வரிசையில் நிற்க வைக்காமல், அம்மாக்கள் நெல்லை வேகவைத்த பழக்கம் உயிரைக் காத்தது. சொல்லிக்கொடுத்தல் என்று பாடநூல் சொல்வது வீட்டுக்குள் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

டிரஸரைப் பற்றிப் பேசாமல் தோட்டத்து மருந்தைப் பேச முடியாது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளர்களின் மருத்துவ வசதிக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. டாக்டர் வாரத்துக்கொரு முறையோ இரண்டு வாரத்துக்கொரு முறையோ எட்டிப்பார்ப்பார். மற்ற நாளெல்லாம் டிரஸர்தான் டாக்டர், கம்பவுண்டர், பிரசவ நேரத்தில் மருத்துவச்சிக்கும் மேலாள். பலர் யாழ்ப்பாணத்தார், மலையாளிகள். பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப்போடக் கற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு, இன்னொரு டிரஸரிடம் எடுபிடியாக நின்று கற்றவர்களும் உண்டு. அவரைக் கேலி செய்யும் கதைகள் நம்மிடம் ஏராளம்: தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே வெள்ளைத் தண்ணி, எல்லாப் புண்ணுக்கும் ஊதா மருந்து. அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது. வேலைக்குப் போக முடியாதவன் உண்மையிலேயே நோயாளியா என்று தீர்ப்புச் சொன்னவரும் அவர்தான். ‘சிக்’ எழுதும் அதிகாரம் கையில் இருக்கும் ஒருவரிடம், “நீங்க குடுத்த மருந்து ஒத்துக்கலைங்க” என்று எப்படிச் சொல்வது?

ஆனாலும் டிரஸரிடம் துரையிடம் இல்லாத ஒன்று இருந்தது. அவர் தமிழ் பேசினார். மலையாளம் கலந்த தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ, லயத்துக்குப் புரிந்தது. போத்தல் மருந்துக் காலத்தில் மருந்தகங்களில் ஒரு பழக்கம் இருந்தது. போத்தலின் பக்கவாட்டில் நீளக் காகிதம் ஒட்டி, அதன் ஓரத்தைச் சம இடைவெளியில் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள். ஒரு வேளைக்கு ஒரு பல். எழுத்துத் தெரியாதவருக்கும் அளவு தெரியும். இரண்டு வேளை மறந்தால் போத்தலே காட்டிக்கொடுத்துவிடும். “நல்லா குலுக்கிக் குடி” என்பதும் கூட வரும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் வேளை வெறும் தண்ணீராகவும் கடைசி வேளை விஷமாகவும் போகும். இன்றைய பயிற்சி நூல்கள், படிக்கத் தெரியாத நோயாளிக்குப் படமும் குறியும் பயன்படுத்து என்கின்றன. அந்தக் காகிதப் பல்லைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை, போகட்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் எல்லாம் தலைகீழ். உலகத்தின் கொயினாவில் பெரும்பகுதி ஜாவாவின் சின்கோனாத் தோட்டங்களிலிருந்து வந்தது. 1942-இல் ஜாவாவும் மலாயாவும் ஒரே கைக்குப் போயின. மருந்து பட்டாளத்துக்கு முதலில், மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு. பேராக்கில் அந்த ஆண்டுகளின் மருந்துக் கதை ஈப்போவிலிருந்து பாப்பானுக்குப் போகிறது.

சிபில் கார்த்திகேசு பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. 1899-இல் மேடானில் பிறந்த யுரேசியப் பெண். மணந்தது தமிழ் மருத்துவர் ஏ.சி. கார்த்திகேசுவை. ஈப்போ புரூஸ்டர் சாலையில் 1926 முதல் இருவரும் கிளினிக் நடத்தினார்கள். அந்தச் சாலைக்கு இப்போது சுல்தான் இட்ரிஸ் ஷா பெயர். படை நுழைந்ததும் பாப்பான் என்ற சிறு சுரங்க ஊருக்குப் பெயர்ந்தார்கள். அங்கே 74-ஆம் எண் கடைவீட்டில் காயம்பட்ட ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு ரகசியமாக மருந்து கொடுத்தார். கேன்டனீஸ் சரளமாகப் பேசுவார் என்பது சாதாரணத் தகவல்போலத் தோன்றும். குண்டு துளைத்த புண்ணைக் கட்டிக் காட்டுக்குத் திருப்பி அனுப்பும்போது, எப்போது கட்டை அவிழ்க்க வேண்டும், சீழ் வைத்தால் என்ன அடையாளம் என்பதை அந்தப் பையனின் மொழியில் சொல்ல முடிந்தது என்பதே அதன் பொருள். மறுபடி கிளினிக்குக்கு வர முடியுமா என்று தெரியாத நோயாளிக்கு அந்தச் சொற்கள் மருந்தில் பாதி.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இதையும் யோசிக்கலாம். கொடுத்த மருந்தை உடனே பதிவு செய்வது ஒரு ‘சரி’. பாப்பானில் அப்படிப்பட்ட நோயாளியை எந்தப் பேரேட்டில் எந்தப் பெயரில் எழுதுவது? 1943-இல் அவரைப் பிடித்தார்கள். கெம்பித்தாய் சித்திரவதையில் முதுகெலும்பு கெட்டது. சின்ன மகளைத் தீக்கு மேல் தொங்கவிட்டு மிரட்டினார்கள். விசாரித்தவர்களுக்கு வேண்டியது பெயர்கள்தாம். அவர் சொல்லவில்லை. போருக்குப் பின் சிகிச்சைக்காக பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில் அங்கேயே இறந்தார். அவர் சொல்லிய நினைவுகள் 1954-இல் நூலாக வந்தன.

அதே 1948 ஜூனில், 16-ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அதன் வழியாகவே 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வந்தது. ஆளைக் கண்காணிக்க வந்த அட்டை அது. மருந்து வரலாற்றில் அதற்கு இன்னொரு வேலை காத்திருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் மூன்று முனியம்மா, நாலு லெட்சுமி படுத்திருப்பது சகஜம். குடும்பப் பெயர் நமக்குக் கிடையாது. அப்பா பெயரும் மூன்று பேருக்கு முனியாண்டி என்றே இருக்கும். படுக்கை எண்ணை நம்பி மருந்து கொடுக்கக் கூடாது, குறைந்தது இரண்டு அடையாளம் பார் என்பது தேர்வின் பாலபாடம். இன்று அந்த இரண்டில் ஒன்று பெயர், மற்றது பெரும்பாலும் ஐசி எண். “உங்க பேரு லெட்சுமிதானே?” என்று கேட்பது தப்பு, “உங்க பேரு என்ன?” என்று கேட்பதே சரி. முதல் கேள்விக்கு நம் பாட்டி, பேர் எதுவாக இருந்தாலும், ‘சரிங்க’ என்பார்.

சட்டங்கள் இந்தக் காலத்தில்தான் வரிசையாக வந்தன. தாதியர் சட்டம் 1950-இல், மருந்தாளர் பதிவுச் சட்டம் 1951-இல், நச்சுப்பொருள் சட்டம் 1952-இல். டிரஸர் வரிசையில் கடைசியாக நின்றார். தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் 1965-இல் வந்து அவருக்கும் ஒரு பதிவேடு கொடுத்தது. பதிவேடு வந்தபோது தோட்டம் கரைய ஆரம்பித்திருந்தது. 1950-களில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டுத் தோட்டத்துத் தவ்கே ஆஸ்பத்திரி எதற்கு வைத்திருக்கப் போகிறார்? துன் சம்பந்தன் 1960-இல் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தது இந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். பிறகு செம்பனை வந்தது, வீட்டுமனை வந்தது. லயத்துச் சனம் புந்தோங் பக்கமும் ஈப்போவைச் சுற்றிய அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தது. டிரஸரைத் திட்டியவர்களும் அவரோடு போன தமிழைப் பின்னால்தான் உணர்ந்தார்கள்.

இப்போது ஒரு வெள்ளி கொடுத்தால் அரசாங்க கிளினிக்கில் டாக்டர் பார்க்கிறார், மருந்தும் கிடைக்கிறது. பெரிய விஷயம், உலகத்தில் பல நாடுகளில் இல்லை. மருந்து உறையில் ‘1 பிஜி, 3 காலி செஹாரி, செலெப்பாஸ் மாக்கான்’ என்று மலாயில் இருக்கும். தோட்டத்துப் பாட்டிக்குப் பேச்சு மலாய் நன்றாகவே தெரியும், பசாரில் பேரம் பேசுவார். படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். அவர் நிறத்தை நினைவு வைத்திருக்கிறார்: வெள்ளை இனிப்பு நீருக்கு, மஞ்சள் பிரஷருக்கு. அரசாங்கம் வேறு கம்பெனி மாத்திரை வாங்கினால் நிறம் மாறும். அங்கேதான் முதலில் சொன்ன கேள்வி உயிர் பெறுகிறது. வார்டில் என்றால் தாதி பார்ப்பார். வீட்டில் பழையதும் புதியதும் இரண்டையும் விழுங்கினால் ஒரே மருந்து இருமடங்கு.

2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாக இந்தியர்களிடமே அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் தீங்கில்லா மருந்து என்ற இயக்கத்தைத் தொடங்கி, கடுமையான மருந்துக் கேடுகளை ஐந்து ஆண்டில் பாதியாக்குவோம் என்றபோது நோயாளியையே முதல் காவலாக வைத்தது. காவலுக்கு நிற்பவருக்கு மொழி வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழலாம் என்பது பாடம். கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுக்க விரதம் இருக்கிறாரா என்று கேட்பது அந்தப் பாடத்தின் தமிழ்ப் பகுதி. அதை எந்தப் பாடநூலும் சேர்க்கப்போவதில்லை. ‘உணவுக்குப் பின் காலை’ என்றால் எது? ஐந்து மணிக்குக் கோப்பி-ஓ குடித்துவிட்டு மரம் வெட்டப் போய்ப் பதினொரு மணிக்குச் சோறு தின்ற உடம்புக்குக் காலையில் பசியாறுவது ஓய்வுக்குப் பிறகும் பழகவில்லை. மெட்ரோனிடசோல் கொடுக்கும்போது மது ஆகாது என்று சொல்லச் சொல்கிறது தேர்வு. “நீங்க குடிப்பீங்களா?” என்று மகள் முன்னால் கேட்டால் எந்தத் தாத்தாவும் இல்லை என்பார். “இந்த மாத்திரை முடியுறவரைக்கும் சம்சு, கள்ளு, பீரு எதுவும் கூடாது தாத்தா, வாந்தி பிச்சிக்கிட்டு வரும்” என்று பொதுவாகச் சொல்லிவிடுவது மேல்.

நோயாளிக்குப் புரிந்ததா என்று பார்க்கப் பாடநூல் தரும் முறை, சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லவைப்பது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் கிடைப்பது பெரட்டுக் காலத்துப் பதில். ஆங்கிலத்தில் இதைப் படித்துத் தேறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார்டில் ஒரு சங்கடம் வரும். பாட்டியைப் பார்த்து “சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க” என்றால் பள்ளிக்கூட வாத்தியார் மிரட்டுவது போல ஆகிவிடும். பாட்டி இன்னும் சுருங்கிப்போவார். சில மிஸ்ஸிகள் இதைச் சுற்றிப் போகும் வழி வைத்திருக்கிறார்கள். “பாட்டி, வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பாங்கள்ல, டாக்டர் என்ன சொன்னாருன்னு? நீங்க என்ன சொல்வீங்க?” பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, மருமகளிடம் பேசும் குரலில் ஆரம்பிக்கிறார். வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று, பசியாறின பிறகு. ஊசி வயிற்றில், நேற்றுப் போட்ட இடத்தில் போடக் கூடாது. மஞ்சள் மாத்திரையில் வந்து நிற்கிறார். அது எதுக்குன்னுதான் யாரும் சொல்லலியே என்கிறார்.